ஃபார்மட் போட்டால் பூட் வைரஸ் போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் ஆன் ஆகி, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனால், சர்வீஸுக்குக் கொண்டுபோகும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பதில் இது: "பூட் வைரஸ் சார், ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்." இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஃபார்மட் போட்டால் பூட் வைரஸ் போகாது. பூட் வைரஸை எடுக்க ஃபார்மட் தேவையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பறிபோவது பத்து வருடக் குடும்பப் படங்கள், கடையின் டேலி கணக்கு, டிடிபி சென்டரில் சேர்த்துவைத்த அழைப்பிதழ் ஃபைல்கள். இப்படிப் பறிகொடுப்பவர்கள் இன்னும் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; முதல் செக்டார் 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் தொடக்க நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், அதாவது சி, டி என்று டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்ற முத்திரை (இதுபோல் எழுத்து கலந்து வருபவை பதினாறடிமான எண்கள்). பழைய பயாஸ் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) முறையில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் இந்த செக்டார் மெமரியில் 7சி00 என்ற முகவரியில் ஏற்றப்பட்டு, அதிலுள்ள நிரல் ஓடத் தொடங்கும். அந்த நிரல் யார் எழுதியது என்று பயாஸ் பார்ப்பதில்லை. வைரஸ் இந்த 446 பைட்டில் குடியேறி, அசல் செக்டாரை வேறோர் இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே மெமரியில் அது உட்கார்ந்துவிடும்.

ஃபார்மட் என்பது ஒரு பார்ட்டிஷனுக்குள் நடக்கும் வேலை. முதல் செக்டார் எந்தப் பார்ட்டிஷனுக்குள்ளும் இல்லை. எக்ஸ்பி காலத்து டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டாரில் தொடங்கும். விஸ்டாவுக்குப் பிறகு 2048ஆம் செக்டாரில். அதற்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை சி டிரைவ் ஃபார்மட் தொடுவதே இல்லை. 2007இன் கடைசியில் பரவத் தொடங்கிய மெப்ரூட் என்ற பூட் வைரஸ், தன் நிரலை 60, 61ஆம் செக்டார்களிலும் அசல் பூட் செக்டாரை 62இலும் ஒளித்துவைத்தது இதனால்தான். 2010இல் வந்த டிடிஎல்4 இன்னும் ஒரு படி மேலே போய், டிஸ்க்கின் கடைசியில் எந்தப் பார்ட்டிஷனிலும் சேராத இடத்தில் தனக்கென்று மறையாக்கம் செய்த ஒரு சேமிப்பு அறையே கட்டிக்கொண்டது. வீட்டுக்குள் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் தெருக்கதவின் பூட்டு மாறாது.

வைரஸ் என்று முடிவுகட்டுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். பூட் ஆகாத மெஷின் எல்லாமே வைரஸ் பிடித்தது என்றால் அது அநியாயம். பென்டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறதா? தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் பேட்டரிதான். அப்போது பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, டிஸ்க்கோடு பேசும் சாட்டா கண்ட்ரோலரின் முறை ஏஹெச்சிஐ, ஐடிஇ என்ற இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடலாம். விண்டோஸ் பாதியில் நீலத்திரை காட்டும். பேட்டரியை மாற்றி, அமைப்பைத் திருப்பிவைத்தால் முடிந்தது. டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டாலோ, டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, அந்த டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதில் எதையும் எழுதக் கூடாது. முதலில் வேறு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு முழுப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் வேலை பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டாக ஃபோல்டர்கள் மாறிப்போவதைப் பலர் பூட் வைரஸ் என்கிறார்கள். அது பென்டிரைவ் வழியே வரும் வேறு இனம், முதல் செக்டாருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பூட் வைரஸ் இருக்கிறதா என்று அந்த மெஷினின் விண்டோஸுக்குள் இருந்தபடி பார்ப்பது வீண். 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெய்ன் வைரஸின் காலத்திலேயே இந்தத் தந்திரம் உண்டு: பூட் செக்டாரைப் படிக்கக் கேட்டால், தன்னைக் காட்டாமல் ஒளித்துவைத்த அசலை எடுத்துக் காட்டும். டிடிஎல்4 இதையே டிஸ்க் டிரைவர் மட்டத்தில் செய்தது. டாஸ் காலத்தில் ஒரு துப்பாவது கிடைத்தது. 'செக்டிஸ்க்' போட்டால் மொத்த மெமரி 6,55,360 பைட் என்று வரவேண்டும்; 6,53,312 என்று வந்தால் 2 கேபியை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். 1987இல் நியூசிலாந்தில் பிறந்த ஸ்டோன்ட் விழுங்கிக்கொண்டது சரியாக அவ்வளவுதான். இன்றைய விண்டோஸில் அப்படி எண்ணிப் பார்க்க வழியில்லை. வெளியிலிருந்து சுத்தமான மீடியாவில் பூட் செய்துதான் பார்க்க வேண்டும்.

அதற்கு வேண்டியவை: சந்தேகமில்லாத இன்னொரு கம்ப்யூட்டர், 8 ஜிபி பென்டிரைவ் இரண்டு, நகல்களை வைக்க மூன்றாவதாக ஒன்று. ஒரு பென்டிரைவில் உபுண்டு போன்ற, டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸ். இன்னொன்றில் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் மீடியா. சந்தேக மெஷினை ரீஸ்டார்ட் செய்வதோடு நிற்காமல், மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, லேப்டாப்பாக இருந்தால் பவர் பட்டனை நீள அழுத்தி அணைக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஷட்டௌன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாகப் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். விண்டோஸ் இன்னும் திறக்கிற மெஷினென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டௌன் கொடுங்கள். பிறகு பூட் மெனு: டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஸ்கேப் தட்டி எஃப்9. லினக்ஸில் 'ட்ரை' என்று கேட்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் கை போகக் கூடாது.

உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, இந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் பதிவு, மேலே சொன்ன முதல் செக்டாரில் இருக்கும் பழைய எம்பிஆர் முறையா, புதிய ஜிபிடி முறையா என்பது. டெர்மினலில் 'சுடோ எஃப்டிஸ்க் -எல்' போட்டால் டிஸ்க்லேபிள் டைப் என்ற வரியில் 'டாஸ்' (எம்பிஆர் என்று பொருள்) அல்லது 'ஜிபிடி' என்று வரும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஜிபிடி என்றால் இனி சொல்லப்போகும் முதல் செக்டார் வைத்தியம் அதற்குப் பொருந்தாது. அதைக் கடிதத்தின் பின்பகுதியில் சொல்கிறேன்.

டாஸ் என்று வந்தால், எதையும் திருத்துவதற்கு முன் நகல். இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகிறவர் கையில் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். முதல் 2048 செக்டார், அதாவது சரியாக 1 எம்பி, ஒரு ஃபைலாகப் போகட்டும்: 'சுடோ டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்டிஏ ஓஎஃப்=முதல்.பின் பிஎஸ்=512 கவுண்ட்=2048'. ஐஎஃப் என்பது எங்கிருந்து படிப்பது, ஓஎஃப் என்பது எங்கே எழுதுவது. இரண்டும் இடம் மாறினால் டிஸ்க்கின் தலையே போய்விடும். என்டர் தட்டும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எஸ்டிஏ என்பது உங்கள் டிஸ்க்கா, செருகிய பென்டிரைவா என்பதைக் கொள்ளளவை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபைலை மூன்றாவது பென்டிரைவுக்கு மாற்றுங்கள். லைவ் லினக்ஸின் டெஸ்க்டாப் மெமரியில் இருப்பது. அணைத்தால் அங்கே வைத்தது எதுவும் மிஞ்சாது.

இப்போது அந்த ஃபைலின் முதல் 512 பைட்டை 'ஹெக்ஸ்டம்ப்' கொண்டு, பெரிய எழுத்து சி என்ற ஆப்ஷனுடன் திறந்து பாருங்கள். விண்டோஸ் 7 எழுதிய சுத்தமான செக்டார் 33 சி0 8இ டி0 பிசி 00 7சி என்று தொடங்கும். வலப்பக்க எழுத்துப் பகுதியில் 'இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்', 'எரர் லோடிங் ஆபரேட்டிங் சிஸ்டம்', 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற மூன்று ஆங்கில வாசகங்கள் கண்ணில் படும். இவை காணாமல்போய்ப் புரியாத குப்பை மட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு 1பி0 என்று தொடங்கும் வரியின் கடைசிக்கு முந்தைய பைட்டைப் பாருங்கள். பார்ட்டிஷன் டேபிள் அங்கேதான் ஆரம்பம். அது 80 அல்லது 00 ஆக மட்டுமே இருக்க முடியும். 80 என்றால் பூட் ஆகும் பார்ட்டிஷன். அடுத்த வரியின் மூன்றாவது பைட் பார்ட்டிஷன் வகை. விண்டோஸ் டிரைவ் என்றால் 07. செக்டாரின் கடைசி இரண்டு பைட் 55 ஏஏ. இவை ஒழுங்காக இருந்தால் டேபிள் உயிரோடு இருக்கிறது.

அடுத்த சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். லைவ் லினக்ஸின் ஃபைல் மேனேஜரில் சி, டி டிரைவ்கள் தெரிகின்றனவா, உள்ளே இருக்கும் படங்களும் எக்ஸெல் ஃபைல்களும் திறக்கின்றனவா என்று பாருங்கள். புதியது நாலு, பழையது நாலு, கடைசி டிரைவிலிருந்து நாலு. எல்லாம் திறந்தால் பூட் நிரலை மாற்றுவது பாதுகாப்பானது. தெரியவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. மங்கி என்ற பழைய வைரஸ் பார்ட்டிஷன் டேபிளைத் தன் செக்டாரில் வைத்துக்கொள்ளாமல், அசல் செக்டார் முழுவதையும் ஒவ்வொரு பைட்டாக 2இ என்ற எண்ணோடு எக்ஸார் (அதே எண்ணை மறுபடி போட்டால் அசல் திரும்பும் கணக்கு) செய்து மூன்றாவது செக்டாரில் போட்டது. வைரஸ் மெமரியில் இருக்கும்வரை சி டிரைவ் தெரியும். சுத்தமான ஃப்ளாப்பியில் பூட் செய்தால் 'இன்வேலிட் டிரைவ்' என்று வரும். அந்த நிலையில் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' போட்டவர்கள் வைரஸை விரட்டினார்கள், டேபிளையும் சேர்த்துத் தொலைத்தார்கள். முதல் 1 எம்பி நகல் கையில் இருந்தால் மூன்றாவது செக்டாரை எடுத்து அதே 2இ கொண்டு திருப்பி அசலை மீட்கலாம். நகல் எடுக்கச் சொல்வது இதற்குத்தான்.

1994இல் வந்த ஒன் ஹாஃப் இதைவிடக் கொடியது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிஸ்க்கின் கடைசியிலிருந்து சிறிது சிறிதாக மறையாக்கம் செய்துகொண்டே முன்னோக்கி வரும். சாவி இருப்பது தொற்றிய பூட் செக்டாருக்குள்ளேயே. அதை அழித்தால் சாவியும் போச்சு, மறைத்த பகுதியும் போச்சு. 2016இல் வந்த பெட்யா முதல் செக்டாரில் ஏறி, மெஷினை ரீஸ்டார்ட் செய்து, செக்டிஸ்க் ஓடுவதுபோல் ஒரு போலித் திரையைக் காட்டியபடி ஃபைல் அட்டவணையைப் பூட்டியது. காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகி, கேட்காத செக்டிஸ்க் ஓடத் தொடங்கினால் உடனே மின்சாரத்தைப் பிடுங்குவதே நல்லது. ஓடி முடிந்தபின் பூட் நிரலைச் சரிசெய்வதால் பூட்டிய அட்டவணை திறந்துகொள்ளாது.

சோதனையில் தேறிவிட்டால் மற்றது சிக்கலில்லாத வேலை. வரிசை மட்டும் முக்கியம். முதலில் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் போன்ற, தனியாகப் பூட் ஆகும் ஸ்கேனரில் முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்யுங்கள். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், டிடிஎல்4 போன்றவற்றின் இன்னொரு பாதி விண்டோஸுக்குள் இருந்து பூட் செக்டாரைக் காவல் காக்கும். செக்டாரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு விண்டோஸைத் திறந்தால் அது மறுபடி எழுதிவிடும். 'சரி பண்ணிக் கொடுத்தாங்க, ரெண்டே நாள்ல திரும்ப வந்திருச்சு' என்ற புலம்பல்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. ஸ்கேன் முடிந்ததும் விண்டோஸைத் திறக்காமல், நேராக இன்ஸ்டலேஷன் மீடியாவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தி கமாண்ட் பிராம்ப்டுக்கு வந்து 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுங்கள். இது பார்ட்டிஷன் டேபிளைத் தொடாமல் தொடக்க நிரலை மட்டும் புதிதாக எழுதும். வைரஸ் பார்ட்டிஷனின் சொந்த பூட் செக்டாரில் இருந்தால், ஃபார்ம் வைரஸ் அப்படித்தான் இருந்தது, 'பூட்செக்ட் /என்டி60 சிஸ்' என்பதையும் கொடுக்க வேண்டும். எக்ஸ்பி மெஷின் என்றால் ரெக்கவரி கன்சோலில் 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. அது, பூட் ரெக்கார்ட் வழக்கமானதாக இல்லை, தொடர்ந்தால் பார்ட்டிஷன் டேபிள் கெடலாம் என்று எச்சரிக்கும். வைரஸ் இருக்கும் டிஸ்க்கில் அந்த எச்சரிக்கை இயல்பு. மேலே சொன்ன சோதனையில் டேபிள் நன்றாக இருந்தால் 'ஒய்' கொடுக்கலாம். பழைய டாஸின் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' மட்டும் ஒரு விஷயத்தில் ஆபத்தானது: 55 ஏஏ முத்திரை கெட்டிருந்தால் டேபிளையே பூஜ்யமாக்கிவிடும்.

பூட் செக்டார் எழுத முடியவில்லை என்றால் பழைய மதர்போர்டுகளின் பயாஸில் 'பூட் வைரஸ் புரொடெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கலாம். வேலை முடியும்வரை அணைத்துவைத்து, பிறகு போடுங்கள்.

எல்லா அந்நிய நிரலும் வைரஸ் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸோடு லினக்ஸும் இருக்கும் மெஷினில் முதல் செக்டாரிலும் அதற்குப் பின்னுள்ள வெற்றிடத்திலும் இருப்பது கிரப் என்ற பூட் மெனு நிரல். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை உண்டு. அவற்றில் ஃபிக்ஸ்எம்பிஆர் போட்டால் லினக்ஸ் பக்கம் பூட் மெனுவிலிருந்து மறைந்துவிடும். டேட்டா எங்கும் போயிருக்காது; லைவ் லினக்ஸிலிருந்து கிரப்பைத் திரும்ப நிறுவினால் வந்துவிடும். இது தெரியாமல் 'லினக்ஸ் கரப்ட் ஆயிருச்சு' என்று அதையும் ஃபார்மட் போடுகிறார்கள். வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளைப் போட்டு முழு டிஸ்க்கையும் பூட்டியவர்கள் ஃபிக்ஸ்எம்பிஆர் பக்கமே போகக் கூடாது. கடவுச்சொல் கேட்கும் நிரல் அங்கேதான் இருக்கிறது. முதலில் அவர்களுடைய ரெஸ்க்யூ டிஸ்க்கைத் தேடட்டும்.

வேறொரு கம்ப்யூட்டரின் முதல் செக்டாரை அப்படியே 512 பைட்டும் நகலெடுத்து ஒட்டுவதும் நடக்கிறது. அதில் அந்த மெஷினின் பார்ட்டிஷன் டேபிள் சேர்ந்து வரும். உங்கள் டி டிரைவ் காணாமல் போகும். வேறு வழியே இல்லாமல் செய்தாலும் முதல் 440 பைட்டோடு நிறுத்துங்கள். 440இலிருந்து நான்கு பைட் அந்த டிஸ்க்குக்கே உரிய அடையாள எண். அது மாறினால் விண்டோஸ் 7 தன் டிஸ்க்கைத் தானே அடையாளம் காணாது.

ஜிபிடி டிஸ்க்குக்கு வருகிறேன். அங்கேயும் முதல் செக்டார் உண்டு, அதில் வகை இஇ என்று ஒரே ஒரு காவல் பதிவு இருக்கும். ஆனால் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும்போது அந்த நிரல் ஓடுவதில்லை. பூட் ஃபைல்கள் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய ஃபேட்32 பகுதியில் சாதாரண ஃபைல்களாக இருக்கின்றன. அங்கே ஃபிக்ஸ்எம்பிஆர் போட்டுப் பயனில்லை. டிஸ்க்பார்ட் கொண்டு அந்தப் பகுதிக்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, உள்ளே இருப்பதை முதலில் நகலெடுத்துவிட்டு, 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ' கொடுத்தால் மைக்ரோசாஃப்டின் பூட் ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். அந்தப் பகுதியில் புதிதாக முளைத்த ஃபைல்கள் இருந்தால் நீக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். கையொப்பமில்லாத பூட் நிரலை ஓடவிடாத செக்யூர் பூட் ஆன் ஆகியே இருக்கட்டும். லினக்ஸ் போட வேண்டும், கேம் ஓடவில்லை என்று அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறப்பவர்கள் அதிகம். 2023இல் பேசப்பட்ட பிளாக்லோட்டஸ், செக்யூர் பூட்டையே ஒரு பழைய ஓட்டை வழியே ஏமாற்றியது. ஆகவே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைப்பது இங்கேயும் ஆபத்து. 2018இல் கண்டுபிடிக்கப்பட்ட லோஜாக்ஸ் மதர்போர்டின் ஃபர்ம்வேர் சிப்பிலேயே ஏறியது. அப்படிப்பட்டதற்கு டிஸ்க்கை மாற்றினாலும் பலனில்லை, ஃபர்ம்வேரைத் திரும்ப எழுத வேண்டும். இவை வீட்டுக் கம்ப்யூட்டரில் மிக அரிது. இவற்றின் பெயரைச் சொல்லி மதர்போர்டை மாற்றச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பழைய லேத், எடைமேடை, எம்பிராய்டரி மெஷின்களோடு இன்றும் ஃப்ளாப்பி புழங்கும் இடங்களுக்கு ஒரு சொல். டேட்டா மட்டும் உள்ள ஃப்ளாப்பியிலும் பூட் செக்டார் உண்டு. டிரைவில் மறந்து விட்டுவிட்டு ஆன் செய்யும்போது 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்ற வரி வந்தாலே அந்த செக்டாரில் இருந்த நிரல் ஓடி முடிந்துவிட்டது என்று பொருள். வைரஸ் இருந்திருந்தால் அதற்குள் ஹார்ட் டிஸ்க்கில் ஏறியிருக்கும். பயாஸில் பூட் வரிசையில் ஃப்ளாப்பியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் மூலையில் துளை திறந்திருந்தால் எழுத்துத் தடை இருக்கிறது என்று அர்த்தம். டிசைன் ஏற்ற மட்டும் பயன்படும் ஃப்ளாப்பிகளை அப்படியே வைத்திருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்த அன்றே அந்த மெஷினில் புழங்கிய எல்லா ஃப்ளாப்பியையும் பென்டிரைவையும் சுத்தம் செய்யாவிட்டால் செய்த வேலை வீண்.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் டிஸ்க்கை மேசையில் வைத்ததும் முதல் 1 எம்பியை நகலெடுத்து, அவர் பெயரில் சேமித்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஃபார்மட் போடத்தான் வேண்டும் என்று முடிவானாலும், அதற்கு முன் எந்தெந்த டிரைவ் தெரிகிறது, எது திறக்கிறது என்று அவர் கண் முன்னால் காட்டிவிட்டுப் போடுங்கள். கொடுக்கிறவர்களும் கேட்கலாம்: முதல் செக்டாரை நகல் எடுத்தீர்களா, வெளி மீடியாவில் பூட் செய்து பார்த்தீர்களா, டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா? இதற்குப் பதில் வராத இடத்தில் டேட்டாவை ஒப்படைக்க வேண்டாம்.

மெஷின் நன்றாக ஓடும் இன்றைக்கே நீங்களும் முதல் செக்டாரின் நகலை எடுத்துவைக்கலாம். வெறும் 512 பைட், சில குறுஞ்செய்திகள் அளவு. உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி, பொருள் என்ற இடத்தில் டிஸ்க்கின் மாடலையும் தேதியையும் குறித்துவிடுங்கள். பார்ட்டிஷனைப் பிரிக்கவோ சேர்க்கவோ செய்தால் மறுபடி எடுக்க வேண்டும். பழைய நகலைத் திருப்பி எழுத நேர்ந்தால் 446 பைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு.